கல்லோயாத் திட்டமும் பட்டிப்பளை ஆற்றின் நிலவமைப்பும்

கல்முனையிலிருந்து மேற்கு நோக்கிச் சென்று கிட்டங்கித் தாம்போதியைக் கடப்போர் நாவிதன்வெளிப் பக்கத்து வயல்வெளிகளை அடைவர். அவ்வெளிகளின் நடுவே அமைந்த பழைய குடியிருப்புகளுள் ஒன்று சொறிக்கல்முனை. சொறிக்கல் என்பது செம்புறைக்கல்லுக்கு வழங்கும் பெயர். இரும்புச் சத்துச் செறிந்து, புழுத்துளைத்தாற்போற் காணப்படும் செந்நிறக் கல் அது. முனை என்பதோ நீரை நோக்கி நீண்டு நிற்கும் நிலம். கல்முனை, மருதமுனை, வீரமுனை என அயலூர்கள் பலவும் இவ்வீற்றையே கொண்டுள்ளன. கல்லும் நீரும் சேர்ந்து ஓர் ஊரின் பெயராய் நிற்பது இப்பிரதேசத்துக்கு மிகவும் பொருந்துவதே. ஏனெனில், சுதந்திர இலங்கையின் முதற் பெருந்திட்டமாகிய கல்லோயாத் திட்டத்தின் வரலாறும் இவ்விரண்டையும் பற்றியதே ஆகும். திட்டத்தை வகுத்தோர் கல்லை நன்கு அறிந்திருந்தனர். நீரை அவ்வளவுக்கு அறிந்திருக்கவில்லை.

தமிழர் பட்டிப்பளை ஆறு என வழங்கும் ஆற்றையே சிங்கள மக்கள் கல்லோயா என்பர். கல்லாறு என்பது அதன் பொருள். பதுளைக்குக் கிழக்கே மடுல்சீமை மலைச்சாரலில் உற்பத்தியாகும் இவ்வாறு ஏறத்தாழ 108 கிலோமீற்றர் தூரம் ஓடி, ஒலுவிலுக்கு அண்மையிற் கடலோடு கலக்கின்றது. இதன் வடிநிலம் ஏறக்குறைய 700 சதுர மைல். மகாவலியோடு ஒப்பிடுங்கால் இது சிற்றாறே. ஆயினும், இரண்டுக்குமிடையே அளவினும் முக்கியமான வேறுபாடொன்று உண்டு. மகாவலி மத்திய மலைநாட்டின் மேற்குச் சாய்வுகளிலே தென்மேற்பருவ மழையை உண்டு வளர்ந்து, பின்னரே உலர்வலயத்தினுள் இறங்குகின்றது. பட்டிப்பளை ஆறோ மலைநாட்டின் கிழக்கு விளிம்பிலேயே பிறக்கின்றது. தென்மேற்கிலிருந்து வரும் மழைமேகங்கள் அவ்விளிம்பை அடைவதற்குள் வறண்டுவிடுகின்றன. ஆதலின் ஆற்றின் தலைப்பகுதியும் அதன் கடைப்பகுதியும் நம்பியிருப்பது ஒரே மழையை, அதாவது வடகீழ்ப்பருவ மழையை. சித்திரையில் மலைப்பக்கத்திற் பெய்யும் இடிமழை ஓரளவுக்கே துணைசெய்யும். மாரி பொய்த்தால் மலையிலும் பொய்க்கும், வயலிலும் பொய்க்கும். இவ்வுண்மை பின்னர் மிக விலையுயர்ந்த பாடமாயிற்று.

இனிப் பாறைகளை நோக்குவோம். இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு நிலத்துக்கு அடியிலிருப்பவை பளிங்குருவான பழம் பாறைகளே. இவற்றை ஒழுங்காக ஆராயும் பணி 1903இல் தொடங்கப்பெற்ற கனிப்பொருளியல் அளவையோடு ஆரம்பமாயிற்று. அதன் முதற் பணிப்பாளர், பின்னாளிற் கலைவரலாற்று அறிஞராகப் புகழ்பெற்ற ஆனந்த குமாரசுவாமியே என்பதைக் கலைப்பீட மாணவர் பலர் அறியார். அவருக்குப் பின் வந்தோர் இப்பாறைகளை இரு பெருந்தொகுதிகளாக வகுத்தனர். மலைநாட்டை ஆக்கியிருப்பது உயர்நிலத் தொகுதி. பண்டைக்காலக் கடலடிப் படிவுகள் பேரழுத்தத்தாலும் வெப்பத்தாலும் உருமாறிய பாறைகளும், இடையிடையே பளிங்குச் சுண்ணக்கற்களும், குவாட்சைற்றும், சார்ணோக்கைற்றும் இதிலே அடங்குவன. கிழக்குத் தாழ்நிலத்தை ஆக்கியிருப்பது விசயன் தொகுதி. கருங்கல்லையொத்த நைசுகளும் கலப்புப் பாறைகளுமே இதிற் பெரும்பான்மையானவை. உயர்நிலத் தொகுதியே மூத்தது. விசயன் பாறைகளின் மூலப்பொருள் ஏறத்தாழ 100 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் உருவானதென்றும், இரு தொகுதிகளும் 60 கோடி முதல் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் கொண்டுவானாக் கண்டம் உருவாகிய காலத்து மோதலில் ஒன்றோடொன்று பொருந்தினவென்றும் சமதானி ஆய்வுகள் காட்டியுள்ளன. அம்மோதலில் உயர்நிலத் தொகுதி விசயன் தொகுதியின்மேல் உதைத்தேற்றப்பட்டது.

இவ்விரண்டும் சந்திக்கும் எல்லை, பட்டிப்பளை ஆற்றின் தலைப்பகுதியை ஊடறுத்து பிபிலைப் பக்கமாக வடக்கே செல்கின்றது. கண்ணுக்குப் புலனாகாத அவ்வெல்லைக்குப் புலனாகும் சாட்சியொன்று உண்டு. மகாஓயாவில் நிலத்திலிருந்து கொதித்தெழும் வெந்நீர் ஊற்றுகளே அவை. எரிமலையேதும் இல்லாத இந்நாட்டில், ஆழத்து வெடிப்புகளூடாக இறங்கிச் சூடேறிய மழைநீரே அவ்வாறு மேலெழுகின்றது. வெந்நீர் ஊற்றுகள் பலவும் இவ்வெல்லையை ஒட்டியே வரிசையாய் அமைந்திருப்பது தற்செயலன்று.

ஆறு இவ்வெல்லையைக் கடந்ததும் நிலத்தின் தோற்றமே மாறிவிடுகின்றது. இலங்கையின் தரை மூன்று படிகளாக அமைந்துள்ளது என்பதை 1929இல் அடம்ஸ் என்பார் எடுத்துக் கூறினார். அரிப்பினாலேயே இப்படிகள் உண்டாயின என்பது அவர் கருத்து. 1940களில் இங்கு அரசாங்கக் கனிப்பொருளியலாளராகப் பணியாற்றிய இந்திய அறிஞர் வாடியா, தரைத்துண்டங்கள் உயர்த்தப்பட்டமையே காரணம் என வாதித்தார். அவ்வாதம் எவ்வாறு முடியினும், பட்டிப்பளை ஆறு மேற்படியிலிருந்து கீழ்ப்படிக்கு விரைந்திறங்கும் ஆறு என்பதில் ஐயமில்லை. நில்கலைப் பக்கத்தில் அது கடுக்காயும் தான்றியும் நெல்லியும் நிறைந்த புன்னிலங்களின் ஊடாகச் செல்கின்றது. அதன்பின் அலையலையான தாழ்நிலம். அத்தாழ்நிலத்திலே ஆங்காங்கு செங்குத்தாய் எழுந்து நிற்பவை எச்சக்குன்றுகள். சுற்றியிருந்த பாறை உக்கிக் கழிந்துபோக, வெடிப்புக் குறைந்த உறுதியான நைசு மட்டும் அரிப்புக்கு ஈடுகொடுத்து நின்றதால் இவை எஞ்சின. சியம்பலாண்டுவைக்கு அருகே வெஸ்மினிஸ்டர் அபே என ஆங்கிலேயர் பெயரிட்ட கோவிந்த ஹெல இவற்றுட் புகழ்பெற்றது. இங்கினியாகலை மற்றொன்று.

திட்டத்தின் பிறப்பிடமே இந்த இங்கினியாகலைதான். இருபுறமும் கற்குன்றுகள் நெருங்கிவர, அவற்றின் இடைவெளியூடாக ஆறு கடைசி முறையாகக் குறுகிச் செல்கின்றது. இடைவெளிக்கு மேலே அகன்ற பள்ளத்தாக்கு. கீழே, கடல்வரைக்கும் இருபது மைலுக்கு மேற்பட்ட தூரத்தில் நூறடியளவே சரியும் சமநிலம். பொறியியலாளன் ஒருவன் கனவிற் காணும் இடம் இதுவே. வாயை அடைத்தாற் பானை நிரம்பும் என்பது போன்றதொரு தோற்றத்தை அது தந்தது.

ஆயினும் முன்னோர் அவ்வாயை அடைக்கவில்லை என்பது சிந்திக்கத்தக்கது. இப்பள்ளத்தாக்கு நீர்ப்பாசனத்துக்குப் புதியதன்று. தீகவாபி என்னும் பெயரே நீண்ட குளம் எனப் பொருள்படும். மகாவம்சம் சத்தாதிஸ்ஸனோடு தொடர்புபடுத்திக் கூறும் அந்நிலம் இவ்வாற்றின் தென்கரையை அண்டியது. அம்பாறை, இறக்காமம், கொண்டவட்டவான் முதலிய குளங்கள் கிளையோடைகளையும் சமவெளியின் வழிந்தோடும் நீரையும் மறித்து ஆக்கப்பட்டவை. ஆளுநர் ஹென்றி வாட் காலத்தில், 1856ஆம் ஆண்டின் நெற்காணி நீர்ப்பாசனச் சட்டத்தைத் தொடர்ந்து, மட்டக்களப்புப் பகுதியிற் புனரமைப்பு வேலைகள் நடைபெற்றபோது இறக்காமமும் அம்பாறையும் முன்னிடம் பெற்றன. சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று, காரைதீவு ஊரவர்களின் வயல்கள் இக்குளங்களாலும், மாரியில் ஆறு தானே பரப்பிய வெள்ளத்தாலும் விளைந்தன. போடியாரும், வட்டவிதானையும், முல்லைக்காரனும் கொண்ட ஓர் ஒழுங்குமுறை அங்கே நெடுங்காலமாக நிலவியது. எந்த வட்டைக்கு எப்போது நீர் பாயும் என்பது கூட்டங்கூடித் தீர்மானிக்கப்பட்டது. ஆற்றை அவர்கள் அடக்கவில்லை. அதன் குணமறிந்து நடந்துகொண்டனர். வெள்ளத்தால் வருந்தினர் என்பதும் உண்மையே. பழைமையை வெறுமனே போற்றுவது இக்கட்டுரையின் நோக்கமன்று.

மேற்பகுதியிலுங்கூட நிலம் மனிதரற்றதாய் இருக்கவில்லை. ஹெனபெத்தை, தனிகலை ஆகிய இடங்களில் வாழ்ந்த வேடரைச் செலிக்மன் தம்பதியர் கண்டு ஆராய்ந்து 1911இல் நூலொன்று வெளியிட்டனர். 'யாருமற்ற காடு' எனப் பிற்காலத்து உரைகள் பேசிய நிலத்திற் சில பகுதிகள் அவ்வேடரின் தேன்மலைகளும் வேட்டைநிலங்களுமாகும்.

1949ஆம் ஆண்டின் சட்டத்தால் கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பெற்றது. அமெரிக்காவில் 1933இல் உருவான தெனசிப் பள்ளத்தாக்கு அதிகாரசபையே அதற்கு முன்மாதிரி. ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கு முழுவதையும் ஒரே நிறுவனத்தின் கையில் ஒப்படைத்து, நீர்ப்பாசனம், மின்சாரம், குடியேற்றம், கைத்தொழில் யாவற்றையும் ஒருங்கே வளர்ப்பது அக்கால உலகின் பெருநம்பிக்கையாக இருந்தது. பிரதமர் டி. எஸ். சேனநாயக்கா இதில் காட்டிய ஆர்வம் நன்கறியப்பட்டதே. மின்னேரியா போன்ற முன்னைய குடியேற்றங்கள் பழைய குளங்களைத் திருத்தி அமைத்தவை. இதுவோ முற்றிலும் புதிய தேக்கம். அமெரிக்க நிறுவனமாகிய மொறிசன் நட்சன் பேரியந்திரங்களோடு வந்து, ஏறக்குறைய 3,600 அடி நீளமுடைய மண்ணணையை ஈராண்டளவில் எழுப்பியது. 770,000 ஏக்கரடி நீரைக் கொள்ளத்தக்க சேனநாயக்க சமுத்திரம் இவ்வாறு தோன்றியது. அக்காலத்தில் இலங்கையில் இதனையொத்த நீர்த்தேக்கம் வேறில்லை.

பாறை தன் கடமையை வழுவாது செய்தது. இதன் அருமையை உணர வேறிடங்களை நோக்க வேண்டும். தெனசி ஆற்றிலேயே ஹேல்ஸ் பார் என்னும் அணை சுண்ணாம்புக்கல்லின்மேற் கட்டப்பட்டு, அடிநிலத்துப் பொந்துகளூடாக நீர் கசிந்தோடப் பல்லாண்டுகள் அடைத்தும் பயனின்றி 1960களிற் கைவிடப்பட்டது. இலங்கையிலும் 1992இல் சமனலவாவியில் நீர் நிரப்பப்பட்டபோது வலக்கரை பீறிட்டுக் கசிந்தமை பலருக்கு நினைவிருக்கும். அது உயர்நிலத் தொகுதிக்குரிய பளிங்குச் சுண்ணக்கல் உள்ள நிலம். இங்கினியாகலை விசயன் நைசிலே அமைந்துள்ளது. கரையும் பாறை அங்கில்லை. 1957 டிசம்பர்ப் பெருவெள்ளத்தில் உலர்வலயத்துக் குளங்கள் பல உடைந்தபோதும் இவ்வணை நிலைத்து நின்றது.

ஆனால் அணையொன்று நிற்பது வேறு, நிரம்புவது வேறு. ஓர் எளிய கணக்கு இதனைத் தெளிவாக்கும். அணைக்கு மேலுள்ள நீரேந்து பரப்பு ஏறத்தாழ 380 சதுர மைல், அதாவது ஏறக்குறைய 243,000 ஏக்கர். 770,000 ஏக்கரடி நீரை அப்பரப்பின்மீது பகிர்ந்தால் மூன்றடிக்குச் சற்று மேலாக, 38 அங்குலம் வரும். தேக்கம் ஒருமுறை நிரம்புவதற்கு, மலைச்சாரல் முழுவதிலுமிருந்து 38 அங்குல நீர் வழிந்து வரவேண்டும் என்பதே இதன் பொருள். ஆண்டு மழை 70 அங்குலம் எனவே வைத்துக்கொண்டாலும், பெய்ததிற் பாதிக்கு மேற்பட்ட பங்கு ஓடிவர வேண்டும். உலர்வலயக் காடுகளிற் பெய்யும் மழையிற் பெரும்பங்கு மண்ணிலும் மரத்திலும் வெய்யிலிலும் போய்விடும். மூன்றிலொரு பங்கு ஆற்றை அடைந்தாலே அது நல்ல ஆண்டு. போதாக்குறைக்கு, நிரம்பிய தேக்கத்தின் பரப்போ 30 சதுர மைல். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அப்பரப்பிலிருந்து ஆவியாகும் நீர் சிறிதன்று. ஆண்டுக்கு ஐந்தடி எனக் கொண்டால் 96,000 ஏக்கரடி வானுக்கே போகும். தேக்கம் அரிதாகவே நிரம்பியது என்னும் முறைப்பாடு பல பத்தாண்டுகளாக எழுந்தமைக்குக் காரணம் இக்கணக்கே. ஆண்டுக்காண்டு பெரிதும் மாறும் ஓர் ஆற்றின் இயல்பைச் சில ஆண்டு அளவீடுகள் காட்டமாட்டா. பாறையைத் துளையிட்டுச் சில வாரங்களிற் சோதிக்கலாம். மழையை அவ்வாறு சோதிக்க இயலாது. அதற்குத் தலைமுறைகள் வேண்டும்.

மண்ணும் இக்கணக்கைக் கடினமாக்கியது. தாழ்நிலத்தின் மேடுகளிலே செங்கபில மண். அதன் அடியிற் கிறவற் படை. பள்ளங்களிலே சாம்பல்நிறக் களிமண். கடற்பக்கமாக ஆற்று வண்டல். அதற்கும் அப்பால், கல்முனையும் சாய்ந்தமருதும் காரைதீவும் அமைந்துள்ள மணல்மேடு. நெல்லுக்கு ஏற்றவை பள்ளத்துக் களியும் வண்டலுமே. முன்னோர் வயல் செய்ததும் அவற்றிலேயே. இடதுகரைக் கால்வாயோ ஈர்ப்பின்வழி நீர் பாயும் பொருட்டு உயர்ந்த நிலத்தை ஒட்டி வெட்டப்பட்டது. அதனால் நீர் எளிதில் இறங்கிவிடும் செங்கபில மண்ணிலும் நெல் விளைவிக்க நேர்ந்தது. அங்கு ஓர் ஏக்கருக்கு வேண்டிய நீர் வண்டல் வயலுக்கு வேண்டியதைவிட மிக அதிகம். இறங்கிய நீர் முற்றாக அழிந்துவிடவில்லை என்பதும் உண்மை. அடியிலுள்ள நைசு அதனைக் கீழே செல்லவிடாது. பள்ளத்து ஓடைகளில் வடிச்சலாக மீண்டும் வெளிப்படும். கடைப்பகுதி வேளாளர் பலர் பல ஆண்டுகள் வடிச்சல் நீரையே நம்பிப் பயிர்செய்தனர். அதே நைசு ஆழக்கிணற்றையும் வீணாக்கியது. உக்கிய மேற்படையிலும் வெடிப்புகளிலும் தங்கும் சிறிதளவு நீரன்றி அதனுள் வேறில்லை.

குடியேற்றக்காரருக்குத் தொடக்கத்தில் நான்கு ஏக்கர் வயலும் மூன்று ஏக்கர் மேட்டுநிலமும் வழங்கப்பட்டன. இலக்கமிட்ட கொலனிகள் கால்வாயின் வழியே தோன்றின. கால்வாயின் தலைப்பகுதியில், உகணை, அம்பாறைப் பக்கங்களில், பிற மாவட்டங்களிலிருந்து வந்த சிங்களக் குடும்பங்கள் பெரும்பான்மையாக அமர்ந்தன. கடைப்பகுதியில், மத்தியமுகாம், நாவிதன்வெளிப் பக்கங்களில், தமிழரும் முஸ்லிம்களும் அமர்ந்தனர். நிலச்சரிவும் நீரோட்டமும் இனப்பிரிவும் ஒரே திசையில் அமைந்துவிட்டன. மேலிருப்பவன் மதகைத் திறந்தால் கீழிருப்பவனுக்கு நீரில்லை என்பது எந்த வாய்க்காலிலும் உள்ள வழக்கு. இங்கு அவ்வழக்கு வேறொரு பெயரையும் பெற்றது. 1956 யூன் மாதத்தில் இப்பள்ளத்தாக்கில் நிகழ்ந்த வன்செயலிற் பலர் உயிரிழந்தனர். அதற்கு நீர்ப்பங்கீடு காரணமன்று. மொழி அரசியலே காரணம். எனினும், அதன்பின் ஒரு வாய்க்காலின் இரு அந்தங்களிலிருந்தோரும் ஒரே கூட்டத்தில் அமர்வது எளிதாக இருக்கவில்லை. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாக மட்டக்களப்பிலிருந்து பிரிக்கப்பட்டது.

திட்டத்தை மதிப்பிடுவதற்கு நியமிக்கப்பட்ட குழுவுக்குக் கேம்பிரிட்ஜ் புவியியலாளர் பி. எச். பாமர் தலைமை தாங்கினார். 1957இலேயே இலங்கைக் குடியேற்றம் பற்றிய விரிவான நூலை எழுதியவர் அவர். 1970இல் வெளிவந்த அக்குழுவின் அறிக்கை, திட்டத்தின் செலவு அதன் பயனை விஞ்சியது என்ற முடிவுக்கு வந்தது. கசப்பான முடிவுதான். எனினும் விளைந்த நெல்லையும், குடும்பங்களுக்குக் கிடைத்த நிலத்தையும், இங்கினியாகலையில் எடுக்கப்பட்ட மின்சாரத்தையும் கணக்குப் புத்தகம் மட்டும் அளந்துவிட முடியுமா என்ற வினாவும் நியாயமானதே.

அடுத்து வந்த முயற்சி அமெரிக்க உதவியோடு 1979இல் தொடங்கிய இடதுகரைப் புனரமைப்பு. உடைந்த வாய்க்கால்களையும் பழுதுற்ற துருசுகளையும் திருத்துவதே அதன் முதல் நோக்கம். கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவனமும் கோர்ணல் பல்கலைக்கழகமும் அதனோடு வேறொன்றையும் இணைத்தன. 1981 முதல் இளைஞர்கள் வாய்க்கால்தோறும் சென்று தங்கி, விவசாயிகளைச் சிறு குழுக்களாகக் கூடச்செய்தனர். தேக்கத்தில் நீர் மிகக் குறைந்திருந்த பருவம் அது. முறைவைத்து நீர் பாய்ச்சவும், தலைப்பகுதியில் மிஞ்சியதைக் கீழே விடவும் விவசாயிகள் தாமாகவே இணங்கினர். சிங்கள விவசாயிகள் தமிழ் விவசாயிகளின் வயல்களுக்கு நீர் சேரவேண்டுமெனத் தம் மதகுகளை மூடியதும் நடந்தது. நாட்டின் பிற பகுதிகள் பகைமையில் மூழ்கிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. இவ்வனுபவத்தை நோர்மன் அப்ஹொவ் 1992இல் நூலாக எழுதினார்; நீர் முகாமை படிப்போர் உலகெங்கும் அதனைப் படிக்கின்றனர். முன்னாளில் வட்டவிதானையைச் சூழ்ந்து நடந்த கூட்டத்துக்கும் இதற்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதை நம் வரலாற்று மாணவர் எவரேனும் விரிவாக ஆராயலாம்.

வெள்ளத்தின் கதையோ முடிந்தபாடில்லை. அணை மறிப்பது இங்கினியாகலைக்கு மேலே பெய்யும் மழையை மட்டுமே. வடிநிலத்தின் ஏறத்தாழப் பாதி அதற்குக் கீழே உள்ளது. வடமேற்கிலிருந்து நவகிரி ஆறும் தன் வெள்ளத்தை வாவிக்குக் கொண்டுவருகின்றது. கரையோர மணல்மேடு கடலுக்கும் வயலுக்கும் இடையே நீண்ட வரம்பாகக் கிடக்க, நீர் வெளியேறுவதற்குச் சில முகத்துவாரங்களே உள. மாரியில் அவை அடைபட்டிருந்தால் ஆற்றுவாய் வெட்டும் வரை வெள்ளம் வயலில் நிற்கும். 2024 நவம்பரில் காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடையே வீதியை மேவிய வெள்ளத்தில் உழவு இயந்திரமொன்று அடித்துச் செல்லப்பட்டு, அதிற் சென்ற மத்ரஸா மாணவர்கள் உயிரிழந்தனர். எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஆற்றை அடக்கியதாகக் கூறப்பட்ட ஒரு பள்ளத்தாக்கின் அடிவாரத்திலேயே இது நிகழ்ந்தது.

கிட்டங்கித் தாம்போதியும் மாரிதோறும் நீரில் மூழ்குகின்றது. அந்நாட்களில் நாவிதன்வெளி, சொறிக்கல்முனைப் பக்கத்து மாணவரும் நோயாளரும் கல்முனைக்குச் செல்வதற்கு நீர் வடியும்வரை காத்திருப்பர். ஆடி ஆவணியில், சிறுபோகக் கதிர் பறியும் வேளையில், அதே ஊர்களின் வயற்காரர் இடதுகரை வாய்க்காலின் கடைசி மதகடியில் நின்று தம் முறைத் தண்ணீருக்காகக் காத்திருப்பர்.